ரன்டைமை யார் சுமப்பது?

"எம்எஸ்விசிபி140.டிஎல்எல் கிடைக்கவில்லை, அதனால் நிரலை மேற்கொண்டு ஓட்ட முடியாது. மறுபடி நிறுவிப் பார்த்தால் சரியாகலாம்." விண்டோஸ் ஆங்கிலத்தில் காட்டும் செய்தியின் சாரம் இது. முதல் வரி உண்மை. இரண்டாவது வரி பெரும்பாலும் வீண். எந்த இன்ஸ்டாலர் அந்தக் கோப்பைக் கொண்டுவராமல் விட்டதோ, அதையே திரும்பத் திரும்ப ஓட்டினால் புதிதாக என்ன வந்துவிடும்? ஆனால் பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையின் அலுவலக அறையில் உட்கார்ந்திருக்கும் கணக்கர் அந்த வரியைத்தான் நம்புவார். நீக்குவார், நிறுவுவார், மறுபடி நீக்குவார். கடைசியில் கம்ப்யூட்டர் வாங்கிய எஸ்.பி. ரோடு கடைக்குப் போன் போடுவார். அங்கிருந்து ஒரு பையன் பென் டிரைவோடு வந்து எதையோ போட்டு ஓடவைத்துவிட்டுப் போவான். என்ன போட்டான், எங்கிருந்து எடுத்தான் என்பது மென்பொருளை எழுதியவருக்குக் கடைசிவரை தெரியாது.

எழுதியவரின் கணினியில் இந்தச் செய்தி வரவே வராது என்பதுதான் சிக்கலின் வேர். விஷுவல் ஸ்டுடியோவை நிறுவும்போதே அதற்கான ரன்டைம் கோப்புகளும் சிஸ்டத்தில் இறங்கிவிடுகின்றன. போதாததற்கு, அவர் பயன்படுத்தும் பிரௌசர், கேம், டிசைன் மென்பொருள் எல்லாம் ஆளுக்கொரு பதிப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கும். 'என் மெஷின்ல ஓடுதே' என்று அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த மெஷின் சாட்சி சொல்லத் தகுதியில்லாதது.

ரன்டைம் என்பது என்ன? ஒரு கோப்பைத் திறக்க, நினைவகம் கேட்க, இரண்டு எழுத்துச் சரங்களை ஒப்பிட என்று எல்லா நிரல்களுக்கும் பொதுவாக வேண்டிய வேலைகளை ஒரே இடத்தில் எழுதிவைத்த நூலகம். 1.44 எம்பி ஃபிளாப்பியில் மென்பொருள் விற்ற காலத்தில் இதை ஒவ்வொரு நிரலும் தனித்தனியாகச் சுமப்பது கட்டுப்படியாகவில்லை. எனவே சிஸ்டம் கோப்புறையில் ஒரு பிரதி, அதை எல்லோரும் பகிர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. விஷுவல் சி++ 4.2-லிருந்து 1998-இல் வந்த 6 வரை எம்எஸ்விசிஆர்டி.டிஎல்எல் என்ற ஒரே பெயர்தான் புழங்கியது. ஒவ்வொரு மென்பொருளின் இன்ஸ்டாலரும் தன் கையிலிருந்த பிரதியை சிஸ்டம் கோப்புறையில் மேலெழுதிவிட்டுப் போகும். நேற்று ஓடிய நிரல் இன்று ஓடாது. 'டிஎல்எல் நரகம்' என்று உலகம் முழுக்கத் திட்டியது இதைத்தான். விண்டோஸ் 2000 சிஸ்டம் கோப்புகளை மேலெழுத விடாமல் காவல் போட்டது. 2002-லிருந்து மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பெயர் வைத்தது: 70, 71, 80, 90 என்று எண்கள் ஏறிக்கொண்டே போயின.

2005, 2008 பதிப்புகளில் இன்னொரு பரிசோதனை. எந்த நிரலுக்கு எந்தப் பதிப்பு என்பதை ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பில் எழுதிவைத்து, எல்லாப் பதிப்புகளையும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கில் பக்கம் பக்கமாக அடுக்கிவைத்தார்கள். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள், மருந்தின் அளவுதான் தவறிப்போனது. எந்தக் கோப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த செய்தி போய், 'பக்கவாட்டு அமைப்பு சரியில்லை' என்று மொட்டையாக ஒரு செய்தி வந்தது. காரணம் அறிய ஈவென்ட் வியூவரைத் திறக்க வேண்டும். கணக்கரிடம் போனில் ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்! 2010 பதிப்பில் மைக்ரோசாஃப்டே இந்த முறையைக் கைவிட்டது.

இப்போது நடப்பில் இருப்பது 2015-இல் செய்த பிரிவினை. பொதுவான சி நூலகத்தை யூசிஆர்டி என்ற பெயரில் விண்டோஸின் அங்கமாகவே ஆக்கினார்கள். விண்டோஸ் 10-லிருந்து அது கூடவே வருகிறது. கம்பைலரோடு ஒட்டிய சிறு பகுதி விசிரன்டைம்140, சி++ நூலகம் எம்எஸ்விசிபி140. அதன்பின் 2017, 2019, 2022 பதிப்புகள் வந்தும் 140 என்ற எண்ணை மாற்றவில்லை. பழைய பதிப்பில் கட்டிய நிரல் புதிய ரன்டைமில் ஓடும் என்று உறுதியும் கொடுத்தார்கள். பெரிய நிம்மதிதான். ஆனால் உறுதி ஒருவழிப் பாதை: புதிய கம்பைலரில் கட்டிய நிரலுக்குப் பழைய ரன்டைம் போதாது.

களத்தில் இன்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போனவைதான். 2019 பதிப்பில் 64 பிட் நிரல்களுக்கென்று விசிரன்டைம்140_1 என்று ஒரு கோப்பு புதிதாகச் சேர்ந்தது. வாடிக்கையாளரின் கணினியில் கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் 'விஷுவல் சி++ 2015' என்று பட்டியலில் இருக்கும். அதான் இருக்கிறதே என்று உதவிக்கு வந்தவர் திரும்பிவிடுவார். 140 இருக்கிறது, 140_1 இல்லை. இதைவிட மோசமானது 2024-இல் வந்தது. விஷுவல் ஸ்டுடியோ 2022-இன் 17.10 பதிப்பில் சி++ மியூடெக்ஸ் என்ற பூட்டின் உள்ளமைப்பை மாற்றினார்கள். அதில் கட்டிய நிரல் பழைய எம்எஸ்விசிபி140-ஐச் சந்தித்தால் கோப்பு இல்லை என்ற செய்தி வராது. கோப்பு இருக்கிறது, பெயர் சரி, நிரல் தொடங்குகிறது, முதல் பூட்டைப் போடும் இடத்தில் சத்தமில்லாமல் விழுகிறது. ரன்டைம் கோளாறு என்றே யாருக்கும் தோன்றாது, ஆன்ட்டிவைரஸைத் திட்டுவார்கள்.

இந்தியச் சிறுதொழில் உலகத்தின் நிஜமான தலைவலி சி++ அல்ல, விஷுவல் பேசிக் 6. எடைமேடை, நெல் அரவை மில், நகைக்கடை, மருந்துக்கடை என்று உள்ளூர் நிரலாளர்கள் எழுதிக் கொடுத்த பில் மென்பொருள்களில் ஒரு பெருங்கூட்டம் விபி6-லும் ஃபாக்ஸ்ப்ரோவிலும் பிறந்தது. விபி6-ஐ எழுதும் கருவிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2008 ஏப்ரலோடு முடிந்தது. அதன் அடிப்படை ரன்டைமான எம்எஸ்விபிவிஎம்60 மட்டும் இன்றைய விண்டோஸ் 11 வரைக்கும் சிஸ்டத்திலேயே இருக்கிறது. எனவே இங்கே பற்றாக்குறை வேறு இடத்தில்: ஓசிஎக்ஸ் கோப்புகள். பட்டியல் காட்டும் எம்எஸ்காம்சிடிஎல், கட்டம் போடும் எம்எஸ்ஃபிளெக்ஸ்கிரிட் போன்றவை விண்டோஸில் கிடையாது. அவற்றை வெறுமனே நகலெடுத்து வைத்தாலும் போதாது. ரெக்எஸ்விஆர்32 மூலம் பதிவு செய்ய வேண்டும், அதுவும் அட்மின் உரிமையோடு. இதில் ஒரு பெயர்க் குழப்பம் வேறு. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள்; 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64-க்குள் போக வேண்டும். பெயரைப் பார்த்து 32 பிட் ஓசிஎக்ஸை சிஸ்டம்32-இல் போடுபவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

பெங்களூரிலேயே இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தாண்டிப்போன ஒரு மென்பொருள் உண்டு. 1986-இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கி, பிறகு டேலி சொல்யூஷன்ஸ் ஆன நிறுவனத்தின் டேலி. குடும்ப வியாபாரத்துக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்காமல் மகன் எழுதியது. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. டேலியின் சிறப்பு என்று எல்லோரும் அதன் விசைப்பலகை வேகத்தைச் சொல்வார்கள். விநியோகம் செய்பவன் கண்ணுக்கு வேறொன்று தெரியும்: அது அடுத்தவரிடம் கேட்டு வாங்குவது மிகக் குறைவு. தரவுத்தளத்துக்கு எஸ்கியூஎல் சர்வர் வேண்டாம், தரவைச் சேமிக்கத் தன் சொந்த எந்திரம். அறிக்கைக்கு கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் வேண்டாம். திரைகளும் அறிக்கைகளும் டிடிஎல் என்ற அவர்களுடைய சொந்த மொழியில் எழுதியவை. பழைய பதிப்புகளின் கோப்புறையை அப்படியே நகலெடுத்து இன்னொரு கணினியில் ஒட்டினால் ஓடிவிடும். உரிமம் தனிக்கதை, இந்த வசதியே திருட்டுப் பிரதிகளுக்கும் தோதாக இருந்தது என்பது ஊரறிந்த விஷயம். அதே காலத்தில் விபி6, கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், ஆக்சஸ் தரவுத்தளம் என்று மூன்று பேர் தோளில் ஏறி நின்ற உள்ளூர் மென்பொருளை ஒரு புதுக் கணினிக்கு மாற்றுவதென்றால் எழுதியவரே நேரில் வர வேண்டியிருந்தது. டேலி ஊர் ஊராகப் பரவியதற்கு அம்சங்கள் மட்டுமல்ல, இந்தத் தற்சார்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் எல்லோரும் சொந்த எந்திரமும் சொந்த மொழியும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. மற்றவர்களுக்கு மூன்று வழிகள்தான். வாடிக்கையாளரே ரன்டைமை வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது, நிரலோடு கட்டுச்சோறாகக் கொடுத்தனுப்புவது, நம் இன்ஸ்டாலரே பொது இடத்தில் நிறுவிவிடுவது.

முதல் வழியின் அலங்கோலத்தை இந்தியாவின் வரி செலுத்துவோர் ஜாவா மூலம் நன்றாகவே பார்த்துவிட்டார்கள். வருமான வரித்துறை நெடுங்காலம் எக்செல் கோப்பு ஒன்றும் ஜாவா நிரல் ஒன்றுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜாவா நிரலை ஓட்ட ஜேஆர்இ-யை நீங்களே நிறுவிக்கொள்ள வேண்டும். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது கம்பெனிகளும் எல்எல்பிகளும் பதிவுக்கு டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டியிருந்தது. அதற்கான எம்சைனர், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இமுத்ராவின் மென்பொருள்; கணினியில் ஜாவா இருக்க வேண்டும் என்பது நிறுவல் நிபந்தனைகளில் ஒன்று. ஆடிட்டர் அலுவலகக் கணினி ஒன்றில் ஒரு வேலைக்கு ஒரு ஜாவா, இன்னொரு வேலைக்கு வேறு ஜாவா என்று குவிந்து கிடக்கும். ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது முறுக்கிக்கொள்ளும். 2019 ஏப்ரலில் ஆரக்கிள் உரிமத்தை மாற்றியபின் ஜாவா 8-இன் புதிய அப்டேட்களை வணிகப் பயன்பாட்டுக்கு இலவசமாக எடுக்க முடியாமல் போனது. 'ஜாவா நிறுவிக்கொள்ளுங்கள்' என்ற ஒற்றை வரி அத்தோடு சட்டச் சிக்கலாகவும் மாறியது. ஓபன்ஜேடிகே-யை ஒட்டிய இலவசப் பிரதிகள் உண்டு. 2021-இல் ஜாவா 16-உடன் முழுமை பெற்ற ஜேபேக்கேஜ் கருவி தேவையான ரன்டைமை நிரலோடு சேர்த்தே இன்ஸ்டாலராக்கித் தரும். இவ்வளவு இருந்தும் இன்றைக்கு ஒருவர் வாடிக்கையாளரை ஜாவா தேடி அலையவிட்டால் அது சோம்பல்தான்.

டாட்நெட்டிலும் இதே கதை, பெயர்கள்தான் வேறு. 3.5 பதிப்பைக் கேட்கும் பழைய நிரல்கள் ஏராளம். விண்டோஸ் 8-லிருந்து அது தானாக வருவதில்லை. கேட்டால் விண்டோஸ் அப்டேட்டிலிருந்து இறக்கித் தரும். இணையம் இல்லாத ஆலைக் கணினியிலும், அப்டேட்டைச் சொந்த சர்வர் வழியாகக் கட்டுப்படுத்தும் பெரிய அலுவலகங்களிலும் அந்த இறக்கம் தோற்றுப்போகும். அப்போது விண்டோஸ் நிறுவல் வட்டின் சோர்சஸ் கோப்புறைக்குள் இருக்கும் எஸ்எக்ஸ்எஸ்-ஐக் காட்டி டிஐஎஸ்எம் கட்டளையால் இயக்க வேண்டும். புதிய டாட்நெட்டில் ரன்டைமையும் சேர்த்தே கட்டிக்கொடுக்கும் வசதி இருக்கிறது. ஒரு வரி அச்சிடும் நிரல்கூட 60 எம்பியைத் தாண்டும் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. செல்போனில் ரீல்ஸ் பார்க்கும் நாட்டில் 60 எம்பி ஒரு வாதமே அல்ல.

கட்டுச்சோற்றுக்கு எதிரான கனமான வாதம் அளவல்ல, பாதுகாப்பு. 2004 செப்டம்பரில் விண்டோஸின் ஜிடிஐ பிளஸ் நூலகத்தில், ஒரு ஜேபெக் படத்தைத் திறந்தாலே ஊடுருவக்கூடிய ஓட்டை வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட் தன் பிரதியைத் திருத்தியது. ஆனால் எத்தனையோ நிறுவனங்கள் ஜிடிஐபிளஸ்.டிஎல்எல்-ஐத் தங்கள் கோப்புறைக்குள் வைத்துக் கொடுத்திருந்தன. அந்தப் பிரதிகளை விண்டோஸ் அப்டேட் தொடாது. எந்தக் கணினியில் எங்கெங்கே பழைய பிரதி பதுங்கியிருக்கிறது என்று தேடவே தனிக் கருவி விட வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி நூலகத்தில் ஓட்டை கண்டபோதும் இதே நாடகம்: குரோம் திருத்தியது, ஃபயர்ஃபாக்ஸ் திருத்தியது, எலக்ட்ரான் மேல் கட்டிய ஒவ்வொரு டெஸ்க்டாப் செயலியும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. ரன்டைமை நிரலுக்குள்ளேயே கரைத்துவிடும் ஸ்டாடிக் லிங்க்கிங்கில் நிலைமை இன்னும் இறுக்கம். மாற்ற வேண்டிய கோப்பே கண்ணுக்குத் தெரியாது, நிரலை மறுபடி கட்டித்தான் ஆக வேண்டும். 2009 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் ஏடிஎல் நூலகத்தில் ஓட்டை வந்தபோது அதை வைத்துக் கட்டிய எல்லோரும் மறுபடி கட்டும்படி ஆனது. ஸ்டாடிக்கில் இன்னொரு பொறியும் இருக்கிறது: நிரலும் அதன் டிஎல்எல்லும் ஆளுக்கொரு ரன்டைமைக் கரைத்து வைத்திருந்தால், ஒன்று வாங்கிய நினைவகத்தை மற்றது திருப்பிக் கொடுக்கும்போது நிரல் விழலாம்.

அப்படியானால் எது சரி? சி++ நிரல் என்றால் என் தேர்வு மூன்றாவது வழி, கூடவே இரண்டாவதன் ஒரு கைப்பிடி. மைக்ரோசாஃப்டின் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் பேக்கேஜை இன்ஸ்டாலருக்குள்ளேயே வைத்துவிடுவது. 64 பிட்டுக்கு சுமார் 25 எம்பி. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் என்று விட்டால் பீன்யாவில் பாதி இடத்தில் வேலைக்காகாது. இன்னோ செட்டப் போன்ற இலவசக் கருவியில் சத்தமில்லாமல் ஓடும்படி ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அது திருப்பித் தரும் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 3010 என்றால் வெற்றி, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். 1638 என்றால் இதைவிடப் புதியது ஏற்கனவே இருக்கிறது. இரண்டும் தோல்வியல்ல. சுழியைத் தவிர எல்லாம் பிழை என்று எழுதிய இன்ஸ்டாலர்கள் நல்ல கணினியிலும் 'நிறுவல் தோல்வி' என்று காட்டி வாடிக்கையாளரைக் கலவரப்படுத்தும்.

அந்த 'கைப்பிடி' எதற்கு என்றால், ரீடிஸ்ட்டை நிறுவ அட்மின் உரிமை வேண்டும். ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் பெரிய அலுவலகங்களில் ஊழியருக்கு அது கிடையாது. ஐடி துறைக்கு டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கே விசிரன்டைம்140, 140_1, எம்எஸ்விசிபி140 மூன்றையும் நிரலின் கோப்புறையிலேயே வைத்துவிடலாம். விண்டோஸ் முதலில் அங்கேதான் தேடும். மூன்றும் சேர்ந்து ஒரு எம்பிகூட வராது. யூசிஆர்டியை வைக்கத் தேவையில்லை. நீங்கள் வைத்தாலும் விண்டோஸ் 10-உம் 11-உம் சிஸ்டத்தில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் மற்றவர்களின் ப்ளக்-இன்களை ஏற்கும் நிரல் என்றால் எச்சரிக்கை: நீங்கள் வைத்த பழைய பிரதி முதலில் ஏறிவிட்டால், பின்னால் வரும் புதிய ப்ளக்-இன்னும் அதையேதான் பயன்படுத்தும். மேலே சொன்ன மியூடெக்ஸ் விபத்து அப்படியும் நடக்கும்.

எஸ்.பி. ரோட்டுப் பையனின் பென் டிரைவுக்கு வருவோம். 'டிஎல்எல் டவுன்லோட்' என்று தேடினால் வரும் தளங்களிலிருந்து ஒற்றைக் கோப்பை எடுத்து சிஸ்டம்32-இல் போடுவது வைரஸ் ஆபத்து என்பது தெரிந்ததே. அதைவிட அன்றாடம் நடப்பது வேறு: 32 பிட் கோப்பு 64 பிட் இடத்தில் உட்காரும். உடனே 'கோப்பு இல்லை' என்ற செய்தி மறைந்து, 7பி என்று முடியும் ஒரு எண்ணோடு 'நிரலைச் சரியாகத் தொடங்க முடியவில்லை' என்று வரும். புரியும்படியான ஒரு பிழையைப் புரியாத பிழையாக மாற்றியதுதான் மிச்சம். பையனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இன்ஸ்டாலர் செய்யாமல் விட்டதை அவன் தெரிந்த அளவில் செய்கிறான்.

என்ன இல்லை என்று கண்டுபிடிக்க டம்ப்பின் கருவி நிரலின் நேரடித் தேவைகளைப் பட்டியலிடும். ஆனால் ஓடும்போது பெயர் சொல்லிக் கூப்பிடும் கோப்புகள் அதில் தெரியாது. அதற்கு பிராசஸ் மானிட்டரைப் போட்டு எந்தக் கோப்பைத் தேடித் தோற்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய டிபென்டன்சி வாக்கர் விண்டோஸ் 10-இல் இல்லாத குறைகளையெல்லாம் காட்டிப் பயமுறுத்தும். அதன் இடத்தில் டிபென்டன்சீஸ் என்ற புதிய கருவி இருக்கிறது. இல்லாத கோப்பின் பெயர் 140டி என்று முடிந்தால் தேடவே வேண்டாம்: டீபக் பதிப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டீர்கள். அந்த ரன்டைமை விநியோகிக்க உரிமமும் கிடையாது. இவை எல்லாவற்றையும்விட, வெளியிடுமுன் ஒரு தரம் விண்டோஸ் சாண்ட்பாக்ஸில் ஓட்டிப் பார்ப்பது உத்தமம். 2019-லிருந்து புரோ பதிப்பில் இலவசமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்த கணினியாகத் திறக்கும், மூடினால் எல்லாம் அழிந்துவிடும். எழுதியவரின் மெஷின் சொல்லாத சாட்சியை அது சொல்லும்.

லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். இருக்கிறது, ஜிலிப்சி என்ற பெயரில். உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 20.04-இல் 2.31. புதியதில் கட்டியதைப் பழையதில் ஓட்டினால் 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்பதுபோல வந்து நிற்கும். ஆதரிக்க வேண்டியதிலேயே மிகப் பழைய பதிப்பில் கட்டுவதுதான் அங்கே வழக்கம்.

கடைசியாக, எந்த ரன்டைமைச் சுமந்தாலும் தீராத ஒரு வகை உண்டு. பைத்தானில் எழுதி ஒரே கோப்பாகக் கட்டிய நிரலை விண்டோஸ் 7 கணினியில் ஓட்டினால், ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத் என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் இல்லை என்று வரும். எந்த ரீடிஸ்ட்டிலும் அது கிடைக்காது. அது விண்டோஸ் 8-இல்தான் பிறந்தது. 2020 அக்டோபரில் வந்த பைத்தான் 3.9 விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 7-க்கான மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவும் 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது. ஆனால் பீன்யாவில் அளவெடுக்கும் எந்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த கணினியை மாற்ற முடியாது. எந்திரத்தின் டிரைவர் விண்டோஸ் 7-க்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கும், அதை எழுதிய கம்பெனி இப்போது இருக்கிறதோ இல்லையோ. அந்த வாடிக்கையாளருக்காக பைத்தான் 3.8-இல் ஒரு தனிக் கிளையைக் கட்டிவைத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு முறை செய்து, இரண்டு முறை சோதிக்க வேண்டும். அந்த வேலைக்கான தொகையை ஏஎம்சி ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி, கையெழுத்துக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எழுதாவிட்டால் மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் ராத்திரி இலவசமாகச் செய்வீர்கள்.